திரையில் பக்கம் மாறிய வயல்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் மூன்று பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஒரு வேடிக்கை காட்டினார்கள். "மேலே படம் வை, கீழே இரண்டு பட்டன் வை, பார்க்க வடிவாக இருக்கட்டும்" என்று கணினிக்கு ஒரு வசனம் எழுதினால் போதுமாம், போன் திரை முழுவதையும் அதுவே அடுக்கித் தந்துவிடுகிறது. நானும் பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது. அவர்களில் சின்னவள் மேனகா அப்போதுதான் என்னிடம் கேட்டாள்: "அன்ரி, அந்தக் காலத்தில நீங்க இதெல்லாத்தையும் கையாலயா எழுதின?"

அந்தக் காலமாம்! நான் ஓய்வுபெற்று இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஓம் புள்ள, கையால்தான் எழுதினேன், எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு விரிய வேண்டும் என்று நான்தான் சொன்னேன் என்றேன். அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள் என்று மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன். ஆனால் பெருமை அடிப்பேன், முதலே சொல்லிவிட்டேன். பதினான்கு வருடம் செய்த வேலையைப் பற்றி அடக்கமாகப் பேச எனக்கு வராது.

அதற்கு முந்திய இருபத்திரண்டு வருடத்தை நான்கு வரியில் முடித்துவிடலாம். மட்டக்களப்பு நகரத்தில் ஓர் அச்சகம். கலியாணக் காட், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் கணினியில் பக்கம் கட்டுவது என் வேலை. முதலாளி கனடாவில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்ததும் அச்சகம் பூட்டுப்பட்டது. நாற்பத்தைந்து வயதில், என் மகளின் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து ஆறு மாதம் போன் செயலி எழுதப் படித்தேன். வாவிக்கரையில் ஒரு மாடிக் கட்டடத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த சின்னக் கம்பனி என்னை எடுத்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கிடைத்திருந்தாலும் என்னை எடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் நாள் கைப்பையில் ஓர் அடிமட்டம் கொண்டுபோனேன். அச்சகப் பழக்கம். தாள் எட்டரை அங்குலம் என்றால் எட்டரை அங்குலம்தான், காலையிலும் மாலையிலும் அது மாறாது. எனக்குக் கொடுத்த போனின் திரையை அளந்து, பட்டன் இத்தனை, படம் இத்தனை, ஓரத்தில் விடும் இடம் இத்தனை என்று கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பு துஷ்யந்தி. பெரியகல்லாற்றுப் பிள்ளை, அப்போது இருபத்தொன்பது வயது. என்னை அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். அடிமட்டத்தைக் கண்டும் அவர் சிரிக்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கிடந்த ஒன்பது போன்களையும் என் முன்னால் பரப்பினார். நீளம், குட்டை, அகலம், மூலை உடைந்தது, கண்ணாடி வெடித்தது என்று எல்லா ரகமும் இருந்தன.

"எந்தப் போன அளக்கப் போறீங்க, அக்கா?" என்றார்.

என் தொழிலின் அரிச்சுவடி அந்த ஒரு கேள்வி. அன்றைக்கே அடிமட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்துவிட்டேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு சொல். போன் திரையில் பெட்டிகளை வரிசையாக, அல்லது ஒன்றின் கீழ் ஒன்றாக நிறுத்துகிறோம். ஆனால் எதற்கும் நிரந்தர அளவு சொல்வதில்லை. நீ உனக்குத் தேவையானதை மட்டும் எடு, மீதி இடத்தை நீ எடு, நெருக்கம் வந்தால் முதலில் நீ ஒடுங்கு, இடமே இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போ என்று ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்லிவைக்கிறோம். கல்முனை பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் ஐந்து பேர் இருக்கும்போது ஆறாவது ஆள் வந்து "கொஞ்சம் அரக்கி இருங்க" என்பாரே, அதேதான். ஆள் எத்தனை வந்தாலும் ஆசனம் சமாளிக்க வேண்டும், ஒருவரும் கீழே விழக்கூடாது. சொல்ல லேசு. செய்ய எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

துஷ்யந்தி வேலை பார்க்கும் விதத்தைச் சொல்லாமல் மேலே போக மாட்டேன். நான் எழுதியதை அவர் முதலில் வாசிக்கவே மாட்டார். லாச்சியிலிருந்து ஒரு போனை எடுப்பார். எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக்குவார். போனைப் படுக்கையாகத் திருப்புவார். பெயர் எழுதும் இடத்தில், நான் போட்டுவைத்த "ராஜா"வை அழித்துவிட்டு, முதலெழுத்தும் தகப்பன் பெயரும் பட்டமும் சேர்ந்த மூன்று வரிப் பெயர் ஒன்றைப் போடுவார். பிறகு போனைப் பொலித்தீன் உறைக்குள் இட்டு, ஈரக் கையால் தொடுவார். அவருடைய அப்பா தோணிக்காரர், வாவியில் போன் அப்படித்தான் இருக்குமாம். இப்படி ஒன்பது போனிலும் பார்ப்பார். பிழை என்றால் ஒரு வார்த்தையும் பேசாமல் போனைக் குப்புறக் கவிழ்த்து வைப்பார். சரியென்றால் நிமிர்த்தி வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்பார். முதல் வருடம் அந்தப் பிள்ளை என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். வீட்டுக்குப் போய் மனுசனிடம் திட்டித் தீர்ப்பேன். மறுநாள் காலையில் எட்டு மணிக்கு எல்லாருக்கும் முதல் போய் இருப்பேன்.

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு, அறை சுத்தம் செய்கிறவர்களுக்கான செயலி ஒன்று எழுதினோம். துஷ்யந்தி லீவில் நின்ற வாரம், அவர் ஒன்பது போனிலும் பார்க்காமலே அது போய்விட்டது. அறைகளின் பட்டியல், கீழே "முடிந்தது" என்று ஒரு பட்டன். பட்டியலுக்கு நான் அச்சகத்துப் புத்தியில் ஒரே உயரம் வைத்துவிட்டேன். அங்கே மேற்பார்வை செய்த செல்வம் என்பவருக்குக் கண் மங்கல், போனில் எழுத்தை ஆகப் பெரிதாக வைத்திருந்தார். எழுத்துப் பெருத்ததும் பட்டன் திரைக்குக் கீழே போய்விட்டது. மனுசன் அறையெல்லாம் துடைப்பித்து முடித்துவிட்டு அமத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார், வரவேற்பில் ஆட்கள் பெட்டியோடு நிற்கிறார்கள், முகாமையாளர் அவரைப் பிடித்து ஏசுகிறார். செய்தி வந்ததும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவரை யார் எழுத்தை அவ்வளவு பெரிசாக்கச் சொன்னது என்று கத்தினேன்.

"அவர்ர கண், அக்கா" என்றார் துஷ்யந்தி.

அந்தப் பட்டனை எந்த எழுத்தளவிலும் கீழே விழாமல் நிறுத்தினேன். அதன் பிறகு என் திரைகளில் விழுந்தது என்று ஒன்றும் இல்லை. எட்டாம் வருடம் அளவில் கொழும்பிலிருந்தே எங்களுக்கு வேலை வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், இதை எப்படி அன்ரி செய்தீர்கள் என்று என் மேசைக்கு வரத் தொடங்கினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

அந்த வருடம் சித்தாண்டிக்கு மேற்கே ஒரு வட்டைக்குச் செயலி எழுத வந்தது. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளி முழுவதையும் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். இந்த வட்டையின் பெயரை விட்டுவிடுகிறேன், இன்றைக்கும் அங்கே அதே ஆட்கள்தான் இருக்கிறார்கள். குளத்திலிருந்து வரும் வாய்க்கால் வட்டையின் நடுவே ஓடுகிறது. அதன் தலைப்பில் இரண்டு துருசு, அதாவது தண்ணீர் திறக்கும் கதவு. ஒன்று இந்தப் பக்கத்து வயல்களுக்கு, மற்றது அந்தப் பக்கத்துக்கு. எந்தப் பக்கத்துக்கு எந்த நாள் தண்ணீர் என்பதைச் சங்கம் முடிவுசெய்து செயலியில் போடும். எல்லாரும் தங்கள் போனில் பார்ப்பார்கள். அதைப் பார்த்து, தண்ணீருக்குப் பொறுப்பான வட்டை விதானையார் துருசைத் திறப்பார்.

நானும் துஷ்யந்தியும் நேரில் போய்ச் சங்கத்தாரோடு இருந்து கதைத்தோம். இரண்டு பக்கத்தையும் நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள் என்று கேட்டேன். சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். சோத்தாங்கையைப் போடலாம், மற்றதைத் திரையில் எப்படி எழுதுவது? திருவிழா நோட்டீஸ் கட்டிய கை இது, எனக்கு மனம் வரவில்லை. இடதுகரை, வலதுகரை என்று போடுவோம் என்றேன். குளத்தைப் பார்த்து நின்றா, குளத்துக்கு முதுகு காட்டி நின்றா என்று ஒருவர் கேட்டார். அரை மணித்தியாலம் அதிலேயே சண்டை போனது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சொல்லே வேண்டாம், படம் போடுவோம் என்றேன். விதானையார் குளத்துக்கு முதுகு காட்டித் துருசில் நிற்கிறார், கையில் போன். திரையின் நடுவில் வாய்க்கால், இரண்டு பக்கமும் இரண்டு பெட்டி. தண்ணீர் முறை உள்ள பக்கம் நீல நிறம். கண் முன்னால் உள்ளதுதான் போனிலும். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று.

பெட்டிக்குள்ளே சின்னதாக ஒரு பெயரும் போட்டால் நல்லம் என்று துஷ்யந்தி திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னார். திரை நெருக்கமாகும் மிஸ், படமே பேசும் என்றேன் நான். ஒன்பது போனிலும் பார்த்தோம். எந்த அகலத்திலும் வாய்க்கால் நடுவில் நின்றது, இரண்டு பெட்டியும் சமமாக விரிந்து ஒடுங்கின. சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அந்தத் திரையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மனுசனுக்கும் காட்டினேன்.

சிறுபோகத்தில் குளம் வற்றிக்கொண்டு வந்தது. சங்கம் தண்ணீர் முறையை வழக்கத்திலிருந்து மாற்றி மாற்றிச் செயலியில் போட்டது. ஒருநாள் மத்தியானம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சங்கச் செயலாளரின் அழைப்பு வந்தது. விதானையார் ஆதம்பாவா, தொடர்ந்து இரண்டு முறை, தண்ணீர் சேர வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தைத் திறந்திருக்கிறார். அந்த மறுபக்கத்தில் அவருடைய மச்சானின் வயல் இருக்கிறது. தண்ணீர் கிடைக்காத பக்கத்தில் வேளாண்மை கதிர் வரப்போகும் குடலைப் பருவம், நிலம் வெடித்துக் கிடக்கிறது. கேட்டால், என் போனில் அப்படித்தான் காட்டியது என்கிறாராம். எல்லாருடைய போனும் ஒரு மாதிரி, இவருடையது மட்டும் வேறு மாதிரிக் காட்டுமா என்று செயலாளர் கேட்டார்.

"காட்டாது. எங்கட பக்கம் பிழை இல்ல. அவர்ர போனில ஆரும் ஏதும் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

சோற்றுக் கையோடு, எழும்பாமலே சொன்னேன். அன்று பின்னேரத்துக்குள் அது வட்டை முழுவதும் போய்விட்டது. கம்பனியே சொல்லிவிட்டது, விதானையார் போனில் கள்ளவேலை என்று. அந்தப் போனை அவருக்கு அண்மையில் அனுப்பியது கட்டாரில் வீட்டுவேலை செய்யும் மகள். அவள்தான் அங்கிருந்து ஏதோ செய்து கொடுத்திருக்கிறாள் என்று அடுத்த கதை. வருகிற சனிக்கிழமை கூட்டம் கூடி அவரை நிறுத்திவிட்டு வேறு விதானையைத் தெரிவுசெய்வது என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை இதை நான் துஷ்யந்தியிடம் வெற்றிச் செய்தி போலத்தான் சொன்னேன். நம்முடைய செயலியை ஒரு மனுசன் ஏமாற்றப் பார்த்திருக்கிறார் என்றேன்.

"அந்தப் போனப் பாத்தீங்களா, அக்கா?"

இல்லை என்றேன். அவர் கையில் வைத்திருந்த போனை மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அது லாச்சிப் போன் இல்லை, அவருடைய சொந்தப் போன். எனக்கு முகம் சுட்டது. கைப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

ஆதம்பாவா காக்காவின் வீடு ஓட்டமாவடியில், அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். அறுபத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள். நான் யார் என்று சொன்னேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். கதிரை எடுத்துப் போட்டார். அவர் மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவடியிலேயே நின்றுகொண்டார்.

"இருவது வருசமா இந்தத் துருசுல கை வச்சிருக்கன், தங்கச்சி" என்றார். "அப்புல காட்டுறபடிதான் திறக்கோணும் என்டு கமிட்டி ஒப்பம் வாங்கின. எனக்கும் யோசினதான். தண்ணி குறைஞ்ச வருசம், முறைய மாத்திட்டாங்களாக்கும் என்டு திறந்தன். எனக்கு என்ன சொன்னாலும் பரவால்ல. புள்ளையச் சொல்லுறாங்க. அவ அங்க இருந்து கோல் எடுத்து, வாப்பா அந்தப் போன உடைச்சுப் போடுங்க என்டு அழுறா."

போனைத் தந்தார். வாங்கிப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. செயலியைத் திறக்கவே தேவைப்படவில்லை. திரையின் மேல் வரியில், எங்கள் போனில் இடப்பக்கம் நிற்கும் நேரம் வலப்பக்கம் நின்றது. வலப்பக்கம் நிற்கும் பற்றரி இடப்பக்கம். எழுத்தெல்லாம் அறபு. மகள் அங்கே வேலைசெய்த வீட்டில் பாவித்த போன். அனுப்பும்போது அப்படியே அனுப்பியிருக்கிறாள். இவருக்கு அறபின் கருத்துத் தெரியாது, ஆனால் சின்ன வயதில் ஓதப் படித்தவர், எழுத்தை வாசிப்பார். விடியப்புறம் எழும்பிப் போனைத் திறக்க அந்த எழுத்துத் தெரிவது மனதுக்கு நல்லம் என்று விட்டுவைத்திருந்தார். செயலிக்குள் எல்லாம் தமிழ் என்பதால் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

செயலியைத் திறந்து, அவருடைய போனையும் என்னுடையதையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே வாய்க்கால். அதே இரண்டு பெட்டி. என் போனில் இடப்பக்கம் நீலம், அவருடையதில் வலப்பக்கம் நீலம்.

நான் செய்தது இதுதான். வரிசையின் தொடக்கத்தில் முதல் பெட்டி, பிறகு வாய்க்கால், பிறகு இரண்டாவது பெட்டி என்று எழுதினேன். தொடக்கம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அதைப் போன் தன் மொழியைப் பார்த்து முடிவுசெய்யும். தமிழ் இடமிருந்து போகிறது, அறபு வலமிருந்து வருகிறது. அறபுப் போனில் வரிசை தானாகவே திரும்பி நிற்கும். பெயர்ப் பட்டியலுக்கு அது சரி, அந்த எழுத்து வாசிக்கிறவருக்குச் செய்யும் மரியாதை. ஆனால் வயல் எழுத்து இல்லையே. எந்த மொழிக்காரன் துருசில் நின்றாலும் தண்ணீர் கிடைக்காத பாக்கியராசாவின் வயல் இடப்பக்கம்தான் கிடக்கும். பெட்டிக்குள் ஒரு பெயர் போட்டிருந்தால்கூட மனுசன் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். படம் பேசும் என்றவள் நான். காத்தான்குடியும் ஏறாவூரும் ஓட்டமாவடியும் சுற்றியிருக்க, வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்க, லாச்சியில் ஓர் அறபுப் போன் வைக்க எனக்கு எட்டு வருடமாகத் தோன்றவில்லை.

"போன் பழுதா, தங்கச்சி?" என்று கேட்டார்.

"போன் நல்லம் காக்கா. பழுது நான்தான்" என்றேன்.

அவர் மனைவி கதவடியில் நின்றபடி முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

திருத்துவதற்குப் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. இந்த ஒரு வரிசை மட்டும் யாருடைய போனிலும் திரும்பாது என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. பெட்டிகளுக்குள் அந்தந்தப் பக்கத்து அடையாளமும் வைத்தேன், ஒன்றில் பம்ப் வீடு, மற்றதில் சின்னப் பாலம். அந்த வாரமே லாச்சியில் பத்தாவது போன் ஒன்று சேர்ந்தது, அது எந்நாளும் அறபில்தான் இருக்கும். ஆனால் திருத்தியதை உடனே அனுப்பவில்லை. கூட்டத்தில் பழையதைக் காட்ட வேண்டியிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சங்கச் செயலாளர் எங்களுக்கு ஒரு வழி காட்டினார். போன் செற்றிங் பிழை என்று சொல்லிவிடுவோம், விதானையாரும் போனை மாற்றட்டும், கம்பனிக்கும் கரைச்சல் இல்லை என்றார். பக்கத்து மூன்று வட்டைகளும் எங்கள் செயலியை எடுப்பதாக இருந்தன, கெட்ட பேர் வந்தால் எல்லாம் போய்விடும். அவர் சொன்னதில் பொய்யும் அவ்வளவு இல்லை, அதுதான் சிக்கல். நான் துஷ்யந்தியைப் பார்த்தேன்.

"உங்கட திரை, அக்கா" என்றார். "நீங்க சொல்லுறதுதான் கம்பனி சொல்லுறது."

சனிக்கிழமை காலை, சங்கத்தின் நெல்லுக் களஞ்சியக் கொட்டகை. ஆம்பிளைகள் நிறைந்திருந்தார்கள். பெண் என்று நானும் துஷ்யந்தியும்தான், அவர் கடைசி வரிசையில் போய் இருந்துகொண்டார். ஆதம்பாவா காக்கா ஓரத்தில் தொப்பியோடு தனியே இருந்தார், அவருக்குப் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. வேறு விதானையைத் தெரிவுசெய்ய முதல் எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கள் என்று கேட்டேன். யாராவது ஒருவருடைய போன் வேண்டும் என்றேன். பாக்கியராசாவே எழும்பி வந்து தன்னுடையதைத் தந்தார். தண்ணீர் கிடைக்காமல் போனவர் அவர், முதலில் கள்ளம் என்று சொன்னவரும் அவர். என் போனில் காட்டினால் நான் ஏதாவது வித்தை காட்டிவிடுவேன் என்று அவருக்குச் சந்தேகம். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். இடப்பக்கம் நீலம், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் கண் முன்னாலேயே போனின் மொழியை அறபுக்கு மாற்றி, அதை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இப்ப நீங்களே திறங்க என்றேன். திறந்தார். போனைப் பார்த்தார், வெளியே வாய்க்காலைப் பார்த்தார், திரும்பவும் போனைப் பார்த்தார்.

"என்ட வயல் அங்கால போயிற்று" என்றார்.

யாரோ சிரித்தார்கள், பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. போன் கையிலிருந்து கைக்குப் போயிற்று. அப்ப கம்பனி சொன்னது என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. குரல் நடுங்காமல் பதில் சொன்னேன், அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு கர்வம்.

"கம்பனி சொன்னது என்டா நான்தான். இந்தத் திரைய எழுதினதும் நான்தான். விதானையார்ர போனப் பாக்காமலே, சோத்துக் கையோட இருந்து சொன்னன். அவர் பாத்தது சரி, போன் காட்டினதத்தான் செஞ்சிருக்கார். அவர்ர மகள் ஒண்டும் செய்யல்ல. பொய் என்டு இதுக்குள்ள ஒண்டு இருந்தா, அது நான் சொன்ன சொல்லுதான்" என்றேன்.

என் வேளாண்மைக்கு ஆர் பதில் என்று பாக்கியராசா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது ஆதம்பாவா காக்காதான். அடுத்த இரண்டு முறையும், தண்ணீர் கூடக் கிடைத்த சோத்தாங்கைப் பக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். முதலில் கையை உயர்த்தியது அவருடைய மச்சான். அப்படிக் கிடைத்த தண்ணீரில் பள்ளத்து வயல்கள் தப்பின. பாக்கியராசாவின் மேட்டுத் துண்டு அந்தப் போகம் பதர்தான். அதை எழுதாமல் விட்டால் நான் அடிக்கும் பெருமையும் பதராகிவிடும். பக்கத்து மூன்று வட்டைகளில் இரண்டு எங்கள் செயலியை எடுத்தன, ஒன்று எடுக்கவில்லை.

வேறு விதானையைத் தெரிவுசெய்வது பற்றி யாரும் பேசவில்லை. உடனேயே துருசைத் திறப்போம் என்று எல்லாரும் எழும்பினார்கள். திருத்திய செயலியை அங்கேயே அனுப்பிவிட்டேன். வாய்க்கால் கட்டின் மேல் நடக்கும்போது ஆதம்பாவா காக்கா நின்று, தன் போனைப் பாக்கியராசாவின் பக்கம் நீட்டினார். நீயும் ஒருக்காப் பாரு என்றார்.

பாக்கியராசா வாங்கவில்லை. "எனக்கெதுக்கு? நீங்க பாத்தாப் போதும்" என்றார்.

அப்போது அந்தப் போன் அடித்தது. மகள். அந்த வீட்டில் அவளுக்கு அந்த நேரம்தான் ஓய்வு, கூட்டம் என்ன ஆயிற்று என்று கேட்க எடுத்திருக்கிறாள். காக்கா போனை என்னிடம் தந்தார். திரையில் ஓர் இளம் பெண், அழுது வீங்கிய முகம், பின்னால் பெரிய குசினி ஒன்று. நான் யார் என்று சொல்லி, கூட்டத்தில் சொன்னதை அவளுக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்கட வாப்பாவில் ஒரு பிழையும் இல்லை, உங்களிலும் இல்லை என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப வாப்பாட போன இனித் தமிழுக்கு மாத்தோணுமா, மிஸ்?"

"வேணாம் மகள். அவர் விரும்பினபடியே இரிக்கட்டும்" என்றேன். "மாற வேண்டியது நாங்க. மாறிட்டம்."

காக்கா போனை வாங்கி, இந்தா துருசு திறக்கப் போறன், நீயும் பாரு என்று மகளிடம் சொல்லி, அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.